மீன்காரருக்கு போன் கிடைத்தபோது

"சேர், போன் வாறதுக்கு முந்தி விவசாயிக்கு விலை எப்பிடித் தெரியும்?" என்று தரம் 10 பிள்ளையொன்று கேட்டது. சந்தைக்குப் போன பிறகுதான் தெரியும் என்றேன். பிறகு வடகரைக் கதையைச் சொன்னேன்.

1997 ஜனவரி 14, கேரளக் கரை. சாளை மீனோடு வந்த 11 படகுகளுக்கு வடகரையில் வாங்க ஆளில்லை. மீனைக் கடலில் கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அதே காலையில், 15 கிலோமீற்றருக்குள் இருந்த மற்றத் துறைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் திரும்பினார்கள். அங்கே கிலோ ஏறத்தாழ 10 ரூபாய்! மீன் ஒரு பக்கம், காசு ஒரு பக்கம்.

அந்த மாதக் கடைசியில்தான் கோழிக்கோட்டுப் பக்கம் கைத்தொலைபேசி வந்தது. 1998இல் கண்ணூர், 2000இல் காசர்கோடு. கோபுரங்கள் கரையை ஒட்டி இருந்ததால் கடலுக்குள் 20, 25 கிலோமீற்றர் வரை சிக்னல் எட்டியது. (கம்பனி நினைத்தது பட்டணத்து ஆட்களை, பிடித்துக்கொண்டது மீனவர்கள்.) வலையை இழுத்ததும் நாலு துறைக்குக் கோல் எடுத்து, விலை கூடிய இடத்துக்குப் படகைத் திருப்பினார்கள். ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் இதைக் கிழமைக்குக் கிழமை கணக்கெடுத்து 2007இல் வெளியிட்டார். மீனவர் இலாபம் 8 வீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 வீதம் குறைந்தது, மீன் வீணாவது நின்றே போனது.

உலகமெல்லாம் இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டது. எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. கரையில் ஏலம் விடுபவரிடம் முற்பணம் வாங்கியவர் நினைத்த துறைக்குப் படகைத் திருப்ப முடியுமா?

நம் நாட்டில் செல்டெல் 1989இலேயே வந்துவிட்டது, தெற்காசியாவில் முதலாவதாக. ஆனால் அது வட்டைக்கு வரப் பல வருடங்கள் எடுத்தது. விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆலோசனை இலக்கம் 2006இல் வந்தது. தம்புள்ளை மரக்கறி விலையும் பிறகு குறுஞ்செய்தியில் வரத் தொடங்கியது.

முன்பு வட்டவிதானை சொன்னதையும் வானொலி சொன்னதையும் நம்பியிருந்த நம்மவர்கள் இன்று மழையையும் விலையையும் போனில் பார்க்கிறார்கள். ஆனாலும் அறுவடையன்று ஈரநெல், காயப்போட இடமில்லை, பசளைக் கடன் கழுத்தில். லொறி வட்டையிலேயே நிற்கிறது. மீன்காரருக்குப் படகைத் திருப்ப முடிந்தது. இவர் எதைத் திருப்புவது?

வேளாண்மை செய்கிறவர்கள் சொல்லுங்கள்: போன பெரும்போகத்தில் நெல்லைக் காயவைத்து விற்க முடிந்தவர்கள் உங்கள் வட்டையில் எத்தனை பேர்?