ஆக்சிஜன் உணரி

ஆக்சிஜன் உணரி என்பது பெட்ரோல் எஞ்சினின் புகைக்குழாயில் பொருத்தப்பட்டு, வெளியேறும் புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை அறியும் கருவி. லாம்டா உணரி என்றும் இதற்குப் பெயருண்டு. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய இது, 1976இல் வால்வோ கார்களில் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது.

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. பரவலாகப் பயன்படும் உணரி வகையில், பிளாட்டினம் பூசிய சிர்கோனியா பீங்கானின் ஒரு பக்கத்தில் புகையும் மறுபக்கத்தில் வெளிக்காற்றும் படுகின்றன. சுமார் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானதும் பீங்கான் வழியே ஆக்சிஜன் அயனிகள் நகர்வதால், இருபுற ஆக்சிஜன் வேறுபாட்டுக்கேற்ப மின்னழுத்தம் உண்டாகிறது. கலவையில் இந்த 14.7 விகிதத்துக்குரியதைவிட எரிபொருள் மிகுந்தால் அது 0.9 வோல்ட்டை நெருங்கும். காற்று மிகுந்தால் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கும்.

இந்த மின்னழுத்தத்தைக் கொண்டு எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி, எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் கலவையைச் சரியான விகிதத்தை ஒட்டியே வைத்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றி ஒருங்கே நன்கு குறைப்பது இந்தக் குறுகிய வரம்பில்தான். குளிர்ந்த நிலையில் உணரி சரியாக இயங்காததால், அதனுள் பொதிந்த ஹீட்டர் அதை விரைவில் சூடாக்குகிறது. அதுவரை கணினி முன்பதிந்த அளவுகளின்படி எரிபொருளைச் செலுத்தும். மாற்றிக்குப் பின்னால் பொருத்தப்படும் இரண்டாவது உணரி, மாற்றியின் திறனைக் கண்காணிக்கிறது.