பத்தாம் எண்ணுக்குள் அடைபட்டவை

1862-இல் இங்கிலாந்தில் புதிய விதி ஒன்று வந்தது. அரசு மானியம் வாங்கும் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் ஒரு லாக் புக் வைத்திருக்க வேண்டும். தலைமையாசிரியர் அதில் அன்றாடம் குறிப்பெழுத வேண்டும். நடந்ததை மட்டும்தான் எழுதலாம், சொந்த அபிப்பிராயம் கூடாது. மேலிடம் எதிர்பார்த்தது வறட்டுக் கணக்கு. ஆனால் அந்தப் பக்கங்களில் வேறு பல சங்கதிகளும் ஏறிக்கொண்டன. அறுவடைக்குப் போன பிள்ளைகளால் காலியான பெஞ்சுகள், தட்டம்மையால் இழுத்து மூடிய பள்ளி, பனியில் நனைந்து வந்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட சிறுவர்கள். அபிப்பிராயம் கூடாது என்ற தடையே நல்லதாகப் போயிற்று. ஆசிரியருக்கு எழுதக் கிடைத்தது சம்பவம் ஒன்றுதான்.

அதே விதித்தொகுப்பின் இன்னொரு பாதி இதற்கு நேர்மாறானது. கல்விப் பொறுப்பிலிருந்த ராபர்ட் லோ கொண்டுவந்த அந்த ஏற்பாட்டில் தேர்ச்சிக்குத் தக்கபடிதான் பணம். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறும் பிள்ளைக்கு 8 ஷில்லிங். தவறும் ஒவ்வொன்றுக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழிவு. இன்ஸ்பெக்டர் வந்தால் ஆசிரியர் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்று பார்க்க அவருக்கு ஏது நேரம்? பெயர் கூப்பிடுவார், வாசிக்கச் சொல்வார், குறி போடுவார், அடுத்த பெயர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தடங்கலின்றி ‘வாசித்த’ பிள்ளைகளைப் பற்றிய கதைகள் அந்தக் காலத்திலிருந்துதான் வருகின்றன. கவிஞர் மாத்யூ ஆர்னால்டு 1851 முதல் 1886 வரை பள்ளி இன்ஸ்பெக்டராக ஊர் ஊராக அலைந்தவர். உண்மையில் வாசிக்கவோ எழுதவோ கணக்குப் போடவோ தெரியாத பிள்ளையையும் பழக்கி இந்தத் தேர்வில் தேறவைத்துவிடலாம் என்று தன் அரசாங்க அறிக்கையிலேயே அவர் எழுதினார். மேலதிகாரிகளுக்கு அது பிடித்திருக்காது.

தேர்ச்சிக்குத் தக்க மானியம் என்ற இந்த முறை சென்னை மாகாணத்தையும் விட்டுவைக்கவில்லை. திண்ணைப் பள்ளி வாத்தியாரும் தேர்வுநாள் மானியத்தை எதிர்பார்த்து மனப்பாடம் செய்வித்தார். 1904-இல் வைஸ்ராய் கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானம்தான் இந்த முறையைக் கைவிடச் சொன்னது.

வகுப்பறையின் உள்ளே நடப்பதை நடந்தபடியே எழுதியவர் ஓர் அமெரிக்கர். கல்வி அதிகாரி அல்ல, குழந்தை மருத்துவர். ஜோசப் மேயர் ரைஸ் 1892-இல் 36 நகரங்களின் பள்ளிகளுக்குள் நுழைந்து உட்கார்ந்தார். அதிகாரிகளின் அறிக்கைகளை அவர் நம்பவில்லை. முழங்காலும் கால்விரலும் வரிசைக்கு வராமல் பாடம் எப்படி ஏறும் என்று அதட்டிய ஆசிரியை அவர் எழுத்தில் இருக்கிறார். பிள்ளைகள் தலையைத் திருப்பலாமா என்று கேட்டதற்கு, ஆசிரியர் முன்னால் நிற்கும்போது பின்னால் எதற்குப் பார்க்க வேண்டும் என்று பதில் சொன்ன தலைமையாசிரியரும் இருக்கிறார். ‘ஃபோரம்’ இதழில் தொடராக வந்த இந்தக் கட்டுரைகளைப் படித்துப் பள்ளி நிர்வாகங்கள் கொதித்தன. ரைஸின் பல தீர்ப்புகள் இன்று மறந்துபோயின. அந்த ஆசிரியையின் அதட்டல் மறக்கவில்லை.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ரோமியட் ஸ்டீவன்ஸ், 1912-இல் வெளியான தன் ஆய்வுக்காக வகுப்பில் பேசியது அத்தனையையும் சுருக்கெழுத்தில் எடுக்கவைத்தார். நிமிடத்துக்கு இரண்டு மூன்று கேள்வி, நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 வரை என்று கணக்கு வந்தது. ஆசிரியர் கேள்வியாகப் பொழிந்துகொண்டிருக்க, மாணவர் யோசிக்க இடமே இல்லை. எதையும் விடாமல் எழுதியதால் அகப்பட்ட உண்மை இது.

பிறகு வந்தது எண்களின் காலம். நம் பி.எட். மாணவர்கள் தேர்வுக்காக உருப்போடும் நெட் ஃபிளாண்டர்ஸின் முறை 1960களில் புகழ்பெற்றது. பார்வையாளர் மூன்று நொடிக்கு ஒருமுறை ஓர் எண்ணைக் குறிக்க வேண்டும். ஒன்று முதல் ஏழு வரை ஆசிரியர் பேச்சு, எட்டும் ஒன்பதும் மாணவர் பேச்சு. பத்து என்றால் மௌனம் அல்லது குழப்பம். வகுப்புக்குள் ஓணான் புகுந்து பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறினாலும் பத்து. கடினமான கேள்வி ஒன்றைக் கேட்டு வகுப்பே யோசனையில் ஆழ்ந்தாலும் பத்துதான். ஒப்பிடவும் கூட்டிக் கழிக்கவும் இது வசதியான முறை, மறுக்க முடியாது. ஆனால் ஆசிரியரின் கெட்டிக்காரத்தனம் வெளிப்படும் இடங்களில் பாதி அந்தப் பத்தாம் எண்ணுக்குள் போய் விழுந்துவிடுகிறது.

எண்களில் அகப்படாததைக் கண்டுகொண்டவர் கல்வி ஆய்வாளர் ஃபிலிப் ஜாக்சன். 1968-இல் வெளியான ‘லைஃப் இன் கிளாஸ்ரூம்ஸ்’ நூலுக்காக அவர் பட்டியலை ஒதுக்கிவிட்டு வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்தார். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு ஒரு நாளில் பிள்ளைகளோடு 1000 கொடுக்கல் வாங்கல்கள்வரை நேர்கின்றன என்பது அவர் கணிப்பு. பேர்பெற்ற ஆசிரியர்கள் 50 பேரைக் கேட்டபோது, பாடம் ஏறியதா என்பதைப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்வதாகப் பலர் சொன்னார்கள்.

முகத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. வகுப்பைப் பார்வையிட்டுவிட்டுப் பதிவேட்டில் ‘திருப்தி’ என்று எழுதிக் கையெழுத்திடும் தலைமையாசிரியர்களும் அதிகாரிகளும், அதற்குக் கீழே அன்று எதிர்பாராமல் நடந்த ஒன்றையும் ஒரு வரி எழுதிவைக்கலாம். அதற்கு எந்த விதியும் தடை சொல்லவில்லை.