தண்டனை பெற்ற கணவனும் துப்பாக்கி உரிமமும்

விருத்தாசலத்தை அடுத்த பெண்ணாடத்தின் பழம்பெயர் பெண்ணாகடம். மனைவியின் கையைத் துணித்த கலிக்கம்ப நாயனாரின் ஊர் இதுவெனப் பெரியபுராணம் கூறும். முன்னாள் ஏவலாளன் அடியார் கோலத்தில் வந்தபோது நீர் வார்க்கத் தயங்கியதே அவ்வம்மையாரின் பிழை. பிறர் சமயத்தைக் குறைகூற இதனை எடுத்தோமில்லை. நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரத்தை வாசிக்கும் நமக்கு அத்தகுதியும் இல்லை. இல்லத்துள் ஆணின் கையிலிருக்கும் ஆயுதத்தைக் குறித்து அரசு எப்பொழுது கவலைகொள்ளத் தொடங்கிற்று என்பதே ஈண்டு நம் வினா.

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆட்சியின் பாதுகாப்பையே எண்ணிற்று. இந்தியருக்கு உரிமம் வேண்டும். ஐரோப்பியருக்கோ விலக்கு உண்டு. இவ்விழிவு மறவாத கராச்சிக் காங்கிரஸ் 1931இல், ஒழுங்குகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 1948 டிசம்பரில் எச். வி. காமத் அரசியல் நிர்ணய சபையில் அதனை வலியுறுத்தினார். அம்பேத்கர் இசையவில்லை, திருத்தம் தோற்றது. ஆகவே நம் நாட்டில் துப்பாக்கிக்கு உரிமம் உண்டு, உரிமை இல்லை.

1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, வன்முறைக் குற்றத்திற்காக ஆறு மாதத்திற்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து ஐந்தாண்டுகள் வரை துப்பாக்கி வைத்திருத்தலாகாது என்றது. 1983இல் 'எக்காலச் சிறையாயினும்' என்று அது மாற்றப்பட்டது. அதே ஆண்டில்தான் மனைவிக்குக் கொடுமை இழைத்தலைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்துள் புகுந்தது. (2024 ஜூலை முதல் அது புதிய சட்டத்தின் 85ஆம் பிரிவாக நிற்கிறது.) இவ்விரண்டையும் நாடாளுமன்றம் இணைத்து எண்ணியதென்று சொல்லத் துணியோம். ஆயினும் விளைவு தெளிவு: மனைவியை அடித்துத் துன்புறுத்தியதற்காக ஒரு மாதமே சிறை சென்றவனும் துப்பாக்கியை இழப்பான்.

அமெரிக்காவில் இந்நிலை வேறு. 1968ஆம் ஆண்டுச் சட்டம் பெருங்குற்றவாளிகளையே தடுத்தது. மனைவியை அடிப்பதோ பெரும்பாலும் சிறுகுற்றமாகவே தீர்க்கப்பட்டது. 1996இல் லாட்டன்பர்க் திருத்தம் அச்சிறுகுற்றத்திற்கும் தடை விதித்தது. அங்கே சிறைவாசம் வேண்டுவதில்லை. குற்றத் தீர்ப்பே போதும். மனைவியையோ துணைவியையோ அச்சுறுத்தியதாகத் தடையாணை பெற்றவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கும் விதியையும் அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2024இல் ராஹிமி வழக்கில் நிலைநிறுத்தியது.

நம் சட்டத்தின் ஓட்டைகளும் இங்கேயே புலனாகும். அபராதத்தோடு விடப்பட்டவனை 9ஆம் பிரிவு தீண்டாது. 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கப்பட்டவனுக்குத் தகுதியிழப்பே இல்லை. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு ஆணை குற்றத் தீர்ப்பு அன்று. எனினும் 2006ஆம் ஆண்டு விதிகளின்படி, நீதித்துறை நடுவர் பணித்தால் பாதுகாப்பு அலுவலர் வன்முறையில் தொடர்புற்ற ஆயுதத்தைக் கைப்பற்றலாம்.

பயிர்க்காவலுக்கென வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் தர 1959ஆம் ஆண்டுச் சட்டமே இடமளிக்கிறது. அத்தகைய வீட்டில் சண்டை மூண்டு, மனைவி காவல்நிலையம் சென்றபின், சபை மூப்பரும் போதகரும் கூடிப் புகாரை மீளப்பெறச் செய்கின்றனர் என்று கொள்வோம். வழக்கில்லை, தண்டனையில்லை, 9ஆம் பிரிவும் இல்லை. ஜெபித்து எழுந்த போதகர் விடைபெறும்போது துப்பாக்கி அதே சுவரில் தொங்கும். ஆனால் 17ஆம் பிரிவு தண்டனைக்குக் காத்திருப்பதன்று. பொது அமைதிக்கோ பாதுகாப்பிற்கோ தேவையெனக் கண்டால் மாவட்ட ஆட்சியர் உரிமத்தை நிறுத்திவைக்கலாம், நீக்கவும் செய்யலாம். அதற்கு வேண்டுவது ஆட்சியருக்கு ஒரு மனு. அதனை அப்பெண்ணோடு அமர்ந்து எழுதப் போதகருக்குத் தடையேதும் இல்லை.