தமிழ்ச் சுயாதீன ஹிப்-ஹாப்

தமிழ்ச் சுயாதீன ஹிப்-ஹாப் என்பது திரைப்படத்துக்கு வெளியே, பாடுபவரே எழுதி, பெரும்பாலும் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து, இணையம் வழியாக வெளியிடும் தமிழ் ராப் இசை. சொல்லிசை என்றும் இதை அழைப்பர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வேர்விட்டு, 2010க்குப் பின் தமிழ்நாட்டில் பரவியது. இலங்கை, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் தமிழர்களும், மும்பைத் தாராவித் தமிழர்களும் இதில் பங்கெடுத்துள்ளனர். தமிழில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்றிருந்த காலம் நெடியது. ஒரு பாடலை எழுதியவரின் முகத்தையும் பெயரையும் மக்கள் பாடலோடு சேர்த்தே அறியும்படி செய்தது இந்த இசைதான். ஆனால் அந்தப் பெயருக்குரிய உரிமையும் வருவாயும் எழுதியவரிடமே தங்குமா என்ற கேள்விக்கு அதனால் இன்னும் விடை காண முடியவில்லை.

சந்தமும் சொற்போரும்

ஹிப்-ஹாப் 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய ஒரு விருந்தில் பிறந்ததாகக் கொள்வது மரபு. கறுப்பின, கரீபிய, லத்தீன் இளைஞர்களின் கலை அது. அந்தக் கடனைத் தமிழ் ராப் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தாளத்தின்மேல் சொல்லை அடுக்கும் பழக்கம் தமிழ்க் காதுக்குப் புதிதல்ல. எதுகையும் மோனையும் வரிகளைக் கோத்துக்கொண்டு ஓடுவதைத் தமிழர் செய்யுளில் கேட்டே வளர்ந்தவர்கள். அதற்கு ஒரு சான்று: இன்று பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களாக உள்ள பகுதியில் தமிழறிஞர் உ.வே. சாமிநாதையர் சிறுவயதில் பல ஆண்டுகளைக் கழித்தார். அரியலூர், குன்னம், கார்குடி என்று குடும்பம் இடம்மாறியபோது கிடைத்த ஆசிரியர்களிடம் பாடம் கேட்டார். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை என்ற யாப்பிலக்கண நூலைக் கற்றதைத் தன்வரலாறான 'என் சரித்திர'த்தில் அன்போடு நினைவுகூர்கிறார். அசை, சீர், தளை என்று ஒலியை அளக்கப் பழக்குவதற்கு அந்த ஊர்களில் அன்று ஆட்கள் இருந்தனர். இன்றைய ராப்பர் அசையைப் பெயர் சொல்லிப் பிரிப்பதில்லை. ஆனாலும் நான்கு தட்டு கொண்ட ஒரு பாருக்குள் எத்தனை குறில், எத்தனை நெடில் அடங்கும் என்பதை நாவாலும் விரலாலும் அளந்துதான் எழுதுகிறார்.

எதிராளியைச் சொல்லால் மடக்கும் ராப் போட்டிக்குத் தமிழில் நெருங்கிய உறவு லாவணி. காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் தஞ்சைப் பகுதியில் விடிய விடிய வாதாடிப் பாடின. எதிராளியின் கேள்விக்கு அங்கேயே பாட்டுக் கட்டிப் பதில் சொல்ல வேண்டும். தமிழ் முஸ்லிம்களிடமும் கேள்வி பதிலாக நடக்கும் மசலா என்ற இலக்கிய வகை உண்டு. 'இராஜநாயகம்' பாடிய வண்ணக்களஞ்சியப் புலவருக்கு அப்பெயர் வந்ததே வண்ணம் என்ற சந்தப் பாடலைப் பாடுவதில் அவருக்கிருந்த திறமையால்தான். வெள்ளாற்றங்கரையிலுள்ள லப்பைக்குடிக்காடு போன்ற முஸ்லிம் ஊர்களில் இஸ்லாமியப் பாடகர் நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரல் ஒலிக்காத விழா அரிது. சினிமாவை நம்பாமல் இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் மேடையிலும் வாழ்ந்த குரல் அது. சுயாதீன இசை என்ற பேச்சு வருவதற்கு முன்பே அதை வாழ்ந்து காட்டியவர்களில் ஹனிபாவை முதலில் வைக்க வேண்டும்.

சினிமாவிலிருந்து விலகி

தமிழ்நாட்டில் ராப் என்ற சொல்லைப் பரவலாக்கியது 1994இல் வெளியான 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்'. ஏ.ஆர். ரஹ்மான் இசையில் சுரேஷ் பீட்டர்ஸ், தேனி குஞ்சரம்மாள், ஷாகுல் ஹமீது பாடிய அந்தப் பாட்டில் நகர ராப்பும் நாட்டுப்புறக் குரலும் ஒன்றாக ஒலித்தன. சாம்பியாவில் வளர்ந்த பிளேஸ் 2000களில் ரஹ்மானின் படங்களில் ராப் பாடினார். ஆனால் இவை எல்லாம் இயக்குநர் சொன்ன சூழலுக்கு எழுதப்பட்டவை.

எழுதுபவரின் சொந்த வாழ்க்கையிலிருந்து வந்த தமிழ் ராப்புக்கு மலேசியாதான் முன்னோடி. கோலாலம்பூரின் போயட்டிக் அம்மோ குழுவிலிருந்து வந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் யோகி பி & நட்சத்திரா குழுவாக 2006இல் 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டார். 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா அமைத்த 'மடை திறந்து' பாடலை எடுத்தாண்ட அதன் ராப் வடிவம் தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குத் தாவியது. தமிழில் ராப் பாடினால் செயற்கையாக இருக்கும் என்ற எண்ணத்தை உடைத்த தொகுப்பு அது. தோட்டத் தொழிலாளர் வழிவந்த ஒரு சமூகத்தின் இளைஞர்களிடமிருந்து அது வந்தது தற்செயல் அல்ல.

புலம்பெயர்ந்தோரில் உலகப் புகழ் பெற்றவர் எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். 2005இல் 'அருளர்', 2007இல் 'கலா' என்று தந்தையின் இயக்கப் பெயரையும் தாயின் பெயரையும் தொகுப்புகளுக்கு வைத்தார். இரண்டாவது தொகுப்புக்காகத் தமிழ்நாட்டு உறுமி மேளக் கலைஞர்களை வாசிக்கவைத்துப் பதிவு செய்தார். பாட்டு ஆங்கிலம், தாளம் நம் ஊர்த் திருவிழா. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால் மிருதங்கக் கலைஞர் யாஞ்சனோடு சேர்ந்து மிருதங்கத்தின் நடையில் ராப் பாடுகிறார். கனடாவின் நாவ்ஸ்-47, சிங்கப்பூரின் லேடி காஷ் ஆகிய பெண்களும், தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே மூச்சில் கலக்கும் சிங்கப்பூரின் யங் ராஜாவும் இந்த வரிசையில் வருபவர்கள்.

தமிழ்நாட்டில் கோவையைச் சேர்ந்த ஆதித்யாவும் ஜீவாவும் சேர்ந்த ஹிப்ஹாப் தமிழா இணை, 2011இல் 'கிளப்புல மப்புல' பாடலால் ஒரே இரவில் தெரியவந்தது. 2012இல் 'ஹிப் ஹாப் தமிழன்' தொகுப்பு வந்தது. பட நிறுவனத்தின் தயவில்லாமல் யூடியூபில் பெயர் வாங்க முடியும் என்று அவர்கள் காட்டியதை மறுக்க முடியாது. ஆனால் அந்த முதல் வெற்றிப் பாடல் பெண்கள் குடிப்பதையும் உடுத்துவதையும் கண்டித்துப் பேர் வாங்கியது. இளைஞரின் குரல் என்று கொண்டாடப்பட்ட ஒன்று ஊர்ப் பெரியவரின் குரலில் பேசியது ஒரு குறையே. அதன்பின் 2015 முதல் அந்த இணை திரைப்பட இசையமைப்புக்குச் சென்றது. யூடியூபில் எழுந்து சினிமாவில் சேரும் இந்தப் பாதை பின்னால் வந்த பலருக்கும் வழக்கமானது.

2018க்குப் பின்

திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதிபேதமற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பெயரைப் பெற்ற குழு இது. வடசென்னைக் கானா, பறை, சட்டி, ராக் கிடார், ராப் எல்லாம் ஒரே மேடையில் நின்றன. இடஒதுக்கீடு, மலக்குழி மரணம், மாட்டிறைச்சி என்று அதுவரை பாட்டில் அரிதாகவே இடம்பெற்ற பொருள்கள் பாடுபொருளாயின. குழுவின் கானாப் பாடகி இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

இக்குழுவிலிருந்து எழுந்தவர்களில் தனித்து நிற்பவர் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு. பொறியியலும் மேலாண்மையும் படித்தவர். கவிதையிலிருந்து ராப்புக்கு வந்தவர். இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 2019இல் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். அதில் 'ஆன்டி இண்டியன்' தேசப்பற்று என்ற பெயரில் நடக்கும் விலக்கலைக் கேள்வி கேட்கிறது. 'ஸ்னோலின்' 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள்மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் இறந்த இளம்பெண்ணின் பெயரைத் தலைப்பாகக் கொண்டது. 2020 ஜனவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்களில் அவருடைய 'சண்ட செய்வோம்' பாடப்பட்டது. அறிவின் பலம் கோபத்தில் மட்டும் இல்லை. ஒப்பாரியின் இழுப்பை ராப்பின் வேகத்துக்குள் கொண்டுவந்ததுதான் அவர் சாதனை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அவருடைய பாடல்களின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இவர்களுக்குச் சில ஆண்டுகள் முன்பே தனியாக நின்ற இன்னொருவர் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப். தலையில் முக்காடிட்டு மேடையில் ராப் பாடத் தொடங்கிய முஸ்லிம் பெண். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரச மாசைப் பற்றி அவர் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' 2015 ஜூலையில் வெளிவந்தது. ஆங்கிலப் பாடல்தான், ஆனால் அது பேசிய துயரம் தமிழ்நாட்டு மலைத் தொழிலாளருடையது. தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டதிலிருந்து தொழிலாளர்கள் நடத்திவந்த போராட்டத்தை அந்தப் பாடல் உலகம் முழுவதும் கொண்டுபோனது. 2016 மார்ச்சில், தொழிற்சாலையை நடத்திய ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. பதினைந்து ஆண்டுப் போராட்டத்தின் பலனைப் பாடலின் கணக்கில் எழுதுவது அநியாயம். ஆயினும் ஒரு ராப் பாடலால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் தமிழ்நாட்டில் இல்லை.

2020 டிசம்பரில் தொடங்கிய மார்கழியில் மக்களிசை விழா ராப், கானா, நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு மார்கழி மாதத்திலேயே மேடை தந்தது. 2023இல் கோக் ஸ்டுடியோ தமிழ் வந்தது. அசல் கோளார், பால் டப்பா போன்ற சென்னைக் குரல்கள் துள்ளலான பாட்டுகளால் பெரும் கூட்டத்தைச் சேர்த்திருக்கின்றன. பால் டப்பாவின் 'காத்து மேல' 2024இல் பரவலாகக் கேட்கப்பட்டது. மறுபக்கம், சொந்தச் சாதியின் பெருமையை ராப் தாளத்தில் பாடும் பாடல்களும் யூடியூபில் நிறைய உள்ளன. கருவி எளிதானால் எல்லோர் கையிலும் கிடைக்கும் என்பதன் வேதனையான பக்கம் அது.

தயாரிப்பு முறை

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையத் தரவு மலிவானதும், 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்ததும் இந்த இசையின் பொருளாதாரத்தை மாற்றின. ஒரு மடிக்கணினி, எஃப்.எல். ஸ்டுடியோ போன்ற மென்பொருள், ஒரு கண்டன்சர் மைக், அதைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்ஃபோன் இருந்தால் பாடல் பதிவாகிவிடும். எதிரொலி வராமல் இருக்கச் சுவரில் கம்பளியோ மெத்தையோ தொங்கவிடுவர். பீட் அமைப்பவரைப் புரொட்யூசர் என்பர். பணம் போடும் திரைப்படத் தயாரிப்பாளர் என்று இங்கே பொருள் கொள்ளக் கூடாது. டிரம், பேஸ், வேறு பதிவிலிருந்து எடுத்த ஒலித்துண்டான சாம்பிள் ஆகியவற்றை அடுக்கி நான்கு அல்லது எட்டு பார் சுற்றை முதலில் உருவாக்குவர். பழைய பாணி பீட் நிமிடத்துக்கு 90 அடியை ஒட்டி ஓடும். டிராப் வகை 140ஐ ஒட்டி, பாதி வேகத்தில் நடப்பதுபோல் கேட்கும். ராப்பர் அதன்மேல் ஃப்ளோ எனப்படும் சொல்லோட்டத்தைப் பிடித்து, பதினாறு பார் எழுதி, நடுவில் திரும்பத் திரும்ப வரும் ஹூக்கை வைப்பார்.

பிறகு குரலையும் இசையையும் சமன்செய்யும் மிக்ஸிங், வெளியீட்டுக்கு ஒலியைச் சீராக்கும் மாஸ்டரிங். டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர் போன்ற விநியோகச் சேவைகளுக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பாடலை எல்லாத் தளங்களிலும் ஏற்றலாம். இதற்குச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. லப்பைக்குடிக்காட்டிலிருந்து பதிவேற்றினாலும் துபாயில் வேலை பார்க்கும் உறவினர் பாடல் வெளியானதும் கேட்கலாம். தடை வேறு இடத்தில் இருக்கிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் அந்தப் பதிவுக்கு உரிமைத்தொகை உண்டு. யூடியூபில் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளிகளுக்குக் கணக்கு தனி. மேடை நிகழ்ச்சி இல்லாத சிறு ஊர்க் கலைஞருக்கு இந்த வாசல்கள் உயரமானவை.

பெயரும் பங்கும்

இந்த இசையில் உரிமைச் சிக்கலை எல்லோர் கண்ணுக்கும் காட்டியது 'என்ஜாய் எஞ்சாமி'. 2021 மார்ச் 7 அன்று மாஜா நிறுவனத்தின் வழியே வெளியான இதைப் பாடகி தீயும் அறிவும் பாடினர்; சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். நிலமற்ற உழைப்பாளரின் நினைவைச் சுமக்கும் பாடல் உலகம் முழுதும் பல கோடி முறை பார்க்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்று அறிவு இடம்பெறாததைப் பா. ரஞ்சித் பொதுவெளியில் கண்டித்தார்; பின்னர் இதழ் அறிவுக்கு மின்னிதழ் அட்டை வெளியிட்டது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் பாடல் மேடையேறியபோது, பாடலில் தன் பங்கை விளக்கி அவர் எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பைச் சொல்லி, அறிவுக்குரிய இடத்தை எப்போதும் கொடுத்தே வந்ததாகத் தெரிவித்தனர். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், பாடலிலிருந்து தனக்கு எந்த வருவாயும் வரவில்லை என்று காணொளியில் கூறினார். யார் சொல்வது முழுச் சரி என்பதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒன்று புலப்படுகிறது: உலகப் புகழ் பெற்ற பாடலுக்கே கணக்கு தெளிவாக இல்லையென்றால், வீட்டில் பதிவு செய்யும் இளைஞரின் நிலை இன்னும் மோசம்.

சட்டம் அந்த இளைஞர் பக்கம் ஓரளவு இருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் உரிமைத்தொகைப் பங்கைக் கைவிட்டு எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது என்கிறது. அந்தத் தொகையை வசூலித்துத் தர ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு உள்ளது, ஆனால் உறுப்பினராகிப் பாடலைப் பதிந்தால்தான் பங்கு வரும். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். உரிமையை விற்ற பிறகும், படைப்பாளர் தானே என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவின்படி படைத்தவரிடமே இருக்கும். பீட்டை விலைக்கு வாங்கும்போது அது தனியுரிமையா, பலருக்கும் விற்கப்படும் குத்தகையா என்பதையும், பழைய திரைப்பாடலைச் சாம்பிள் எடுத்தால் ஒலிப்பதிவுக்கும் பாடலுக்கும் தனித்தனியே அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள்வது வழக்கமாக வேண்டும். நண்பர்கள் சேர்ந்து செய்யும் முதல் பாடலிலேயே யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.