பார்க்கப் போன பிள்ளைகள்



"எல்லா ஆட்டமும் பாட்டும் செல்போனிலேயே கிடைக்குதே டீச்சர், டிக்கெட் வாங்கி நேரில் போய் உட்காரணுமா?" என்று உங்களில் சிலர் கேட்பதுண்டு. பதிலாகச் சரித்திரத்திலிருந்து சிலரைக் காட்டுகிறேன். எல்லாரும் ஒருநாள் பார்க்கப் போனவர்கள்தான். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ரஷ்யாவின் அன்றைய தலைநகரம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அங்கே மாரின்ஸ்கி அரங்கத்தில் 1890இல் 'தூங்கும் அழகி' என்ற பாலே நாட்டியம் அரங்கேறியது. இசை சைக்கோவ்ஸ்கி. துணி வெளுத்துப் பிழைத்த ஒரு தாய், எட்டு ஒன்பது வயது மகளை அதைப் பார்க்க அழைத்துப் போனார். நானும் இப்படி ஆடுவேன் என்று அந்தக் குழந்தை அன்றே முடிவு செய்துவிட்டது. நாட்டியப் பள்ளியிலோ, வயது போதாது, உடம்பும் நோஞ்சான் என்று திருப்பி அனுப்பினார்கள். பத்து வயதில் மறுபடி போய்ச் சேர்ந்தாள். அவள்தான் பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய அன்னா பாவ்லோவா.

பாவ்லோவா தன் குழுவோடு கப்பலிலும் ரயிலிலும் ஊர் ஊராகப் போய் ஆடினார். இந்தியக் கதைகளை நாட்டியமாக்க ஆசைப்பட்ட அவருக்கு, லண்டனில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த உதய் சங்கர் கிடைத்தார். முறையாக நடனம் பயிலாத அந்த இளைஞர், 1923இல் லண்டன் மேடையில் பாவ்லோவா ராதையாக ஆட, தான் கிருஷ்ணனாக ஆடினார். தூரிகையை வைத்துவிட்டு நடனமே வாழ்க்கை என்று ஆனார். பிறகு இந்தியா திரும்பி அல்மோராவில் கலை மையம் தொடங்கினார். நம் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் 'கல்பனா' என்ற நாட்டியப் படத்தை எடுத்தவரும் இவர்தான்.

பாவ்லோவாவின் ஆட்டத்தில் மயங்கிய இன்னொருவர், 1904இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த ஒருவரிடம் பாலேகூடக் கற்றார். ஆனால் பாவ்லோவா அவரிடம் சொன்னது, உன் சொந்த நாட்டுக் கலையைப் போய்த் தேடு என்பதுதான்.

அந்தக் கலை அப்போது எந்த நிலையில் இருந்தது? சதிர், சின்னமேளம் என்று அழைக்கப்பட்ட நம் ஆட்டத்தைக் கௌரவமானவர்கள் பார்க்கக் கூடாது என்று பேசிய காலம். தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். முறை போகட்டும், கலை போகக் கூடாது என்று வாதாடினார் வழக்கறிஞர் இ.கிருஷ்ண ஐயர். வாதத்தோடு நிற்காமல், தானே பெண் வேடமிட்டுச் சதிர் ஆடிக் காட்டினார். அவர் முயற்சியால் 1931இல் சென்னை மியூசிக் அகாடமி, கல்யாணி மகள்களின் சதிரை மேடையேற்றியது. முதலில் கூட்டம் குறைவு. 1933இல் அதே சகோதரிகள் மீண்டும் ஆடியபோது மக்கள் திரண்டு வந்தார்கள். பேச்சும் எழுத்தும் மாற்றாத பலருடைய மனத்தை, கண்ணால் பார்த்த ஆட்டம் மாற்றியது.

ருக்மிணி தேவியும் அகாடமியில் சதிரைப் பார்த்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று, 1935 டிசம்பரில் அடையாற்றில் மேடை ஏறினார். அப்போது வயது 31. அடுத்த மாதமே கலாக்ஷேத்ரா பிறந்தது.

இந்தக் கௌரி அம்மாள் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் ஆடியவர். அவர் ஆட்டத்தைக் கண்கொட்டாமல் பார்த்த ஒரு சிறுமி, வீணை தனம்மாளின் பேத்தி. அவள் 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறினாள். அவர்தான் பாலசரஸ்வதி. பத்து ஆண்டு கழித்துக் கல்கத்தாவில் அவர் ஆடியபோது, பார்வையாளர்களில் 14 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் சத்யஜித் ரே. 1976இல், 41 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் 'பாலா' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். அந்தப் படத்தில் பாலாவின் ஆட்டத்தை இன்று நாமும் பார்க்கலாம். ஆனால் அந்தப் படத்துக்கு விதை விழுந்தது திரையில் அல்ல, மேடைக்கு எதிரே ஒரு நாற்காலியில்.

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லத்தான் வேண்டும். சபா மேடை கலையைக் காப்பாற்றியது. தலைமுறை தலைமுறையாக அதைக் காத்துவந்த குடும்பங்களை அப்படிக் காப்பாற்றவில்லை. பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் வந்தது. அது வேண்டிய சட்டம்தான். ஆனால் அந்தக் குலப் பெண்களுக்கு மேடையில் இடம் சுருங்கிக்கொண்டே போனது. இரண்டு மேதைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கௌரி அம்மாள் முதுமையில் வறுமையில் வாடினார். பரதநாட்டியத்தின் பெருமை பேசும்போது அவர் பெயரையும் சொல்லுங்கள்.

நேரில் பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது? சலங்கைச் சத்தம் தரை வழியாக நம் காலுக்கு வருகிறது. ஆடுகிறவருக்கு மூச்சு வாங்குவது தெரிகிறது. நம்மைப் போன்ற ஒரு மனித உடம்புதான் இதைச் செய்கிறது என்று பார்க்கிற குழந்தைக்குப் புரிகிறது. என்னாலும் முடியுமோ என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

பாவ்லோவாவின் தாய் வசதி படைத்தவர் அல்ல. நமக்கும் பெரிய செலவு வேண்டியதில்லை. மார்கழியில் பல சபாக்களில் பகல் நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. ஊர்த் திருவிழாவில் தெருக்கூத்து நடக்கிறது. பள்ளி ஆண்டு விழாவில் நாடகம் நடக்கிறது. போகும்போது ஒரு பிள்ளையை உடன் அழைத்துப் போங்கள். முன்வரிசையில் உட்கார வையுங்கள், செல்போனை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை பின்னாளில் என்ன ஆகும் என்று மாரின்ஸ்கி அரங்கத்தில் அன்று யாருக்கும் தெரியாது. நமக்கும் தெரியாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்