லேபர் ஸ்கூலும் கம்பெனிக் கையெழுத்தும்

திருப்பாச்சூர் பக்கத்தில் எங்கள் காலனியில் இருக்கிற ஆதிதிராவிடர் நலப் பள்ளியை எங்க ஆயா சாகிற வரைக்கும் ‘லேபர் ஸ்கூலு’ என்றுதான் சொல்லும். கூலிக்காரன் புள்ளைங்க படிக்கிற இடம், அதனால லேபர் என்று சின்ன வயசில் நானே ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டிருந்தேன். ஊர்த்தெருப் பையன்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எம்.ஏ. தமிழ் படிக்கப் போன பிறகுதான் அது ஆயா வைத்த பேர் இல்லை, சர்க்கார் வைத்த பேர் என்று தெரிந்தது.

அப்போது திருவள்ளூர் செங்கல்பட்டு ஜில்லாவில் ஒரு தாலுகா. அந்த ஜில்லாவில் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர், 1891இல் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். கல்யாணத்துக்கு வாங்கிய சில்லறைக் கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பரம்பரையாகப் படியாளாகக் கிடந்த கதையெல்லாம் அதில் வருகிறது. அடுத்த வருஷம் 1010ஆம் எண் அரசாணையில் நிலம் வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். 1994இல் காரணையில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்ட பிறகு அந்த நிலத்தைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். ஆனால் கூடவே வந்த இன்னொரு ஆணையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 1893 பிப்ரவரியில் வந்த 68ஆம் எண் கல்வி ஆணை அது. பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்றே அதை அழைத்தார்கள்.

சாசனம் வந்தது, பள்ளிக்கூடம் வந்ததா? பொதுப் பள்ளிக்கூடம் ஊர்த்தெருவில் இருந்தது. அக்கிரகாரத்திலும் கோயில் மண்டபத்திலும்கூட இருந்தது. நம்ம பிள்ளை அங்கே எப்படிக் கால் வைக்கும்? கதவைத் திறக்கச் சொல்லி ஊர்க்காரனை அதட்ட சர்க்காருக்குத் துணிச்சல் வரவில்லை. சேரிக்குத் தனிப் பள்ளி வைப்பது சுலபமாக இருந்தது. 1920 வாக்கில் லேபர் கமிஷனர் என்றொரு பதவியை உண்டாக்கி, மில் தொழிலாளி விவகாரத்தையும் நம்ம ஜனங்களுடைய வீட்டுமனை, கிணறு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அந்த ஒரே ஆபீசில் கட்டிக் கொடுத்தார்கள். மற்றவன் பிள்ளைக்குக் கல்வி இலாகா, நம்ம பிள்ளைக்கு லேபர் இலாகா. படிக்க வந்த குழந்தையைச் சர்க்கார் முதலில் பார்த்ததே கூலியாகத்தான். ஆயா சொன்ன அந்தப் பேருக்குள் இவ்வளவு இருக்கிறது.

அதே காலத்தில் பெரம்பூரில் பக்கிங்ஹாம் கர்னாட்டிக் மில் தன் செலவிலேயே ஒரு பள்ளிக்கூடம் நடத்தியது. பாதி நாள் ஆலையில் வேலை, பாதி நாள் படிப்பு என்று இருந்த பிள்ளைகளுக்கானது. முதலாளியும் சர்க்காரும் சேர்ந்து தொழிலாளியைப் படிக்க வைப்பது என்பது நேற்று முளைத்த யோசனை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளிகள் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பு எரிந்தது. அவர்களைக் கருங்காலி என்று எழுதியவர்கள் பலர். சங்கத்தின் மேசையில் அவர்களுக்கு என்ன இடம் இருந்தது என்று கேட்டு எழுதியவர்கள் ரொம்பக் கொஞ்சம். அந்த மில்லும் 1996இல் மூடிப் போனது.

இதற்கு நடுவில்தான் எல்.சி. குருசாமி வருகிறார். அருந்ததியர் தலைவர், சென்னை மாகாணச் சட்டசபையில் இருந்தவர். பகலெல்லாம் தோல் வேலையும் துப்புரவு வேலையும் செய்த தன் ஜனங்களுக்குச் சென்னையில் இரவுப் பள்ளிகள் நடத்தினார். இரவுப் பள்ளி என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். பகலில் படிக்க நேரம் இல்லாதவனுக்கு நேரத்தை மாற்றிக் கொடுப்பதுதான் முதல் படிப்பு. கேட்டது நம்ம ஆள், நடத்தியது நம்ம ஆள். பறையர் நாங்கள் எழுதுகிற வரலாற்றில்கூட அவர் பேர் அபூர்வமாகத்தான் வருகிறது. இதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்ள வேண்டும்.

எங்க அம்மா கையெழுத்துப் போடக் கற்றது நான் ஆறாவது படிக்கும்போது. காலனியில் வளர்கல்வி மையம் என்று ஒன்று திறந்தார்கள். நடவுக்குப் போய் வந்து, கைகால் கழுவிவிட்டு ஸ்லேட்டோடு போகும். தன் பேரை எழுதினதும் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அப்பால எத்தனையோ குழுக் கடன் பேப்பரில் அந்தக் கையெழுத்தைத்தான் வாங்கிக்கொண்டார்கள். “ரேகை வெச்சப்பவும் படிக்கல, கையெழுத்து போட்டப்பவும் படிக்கலடா” என்று அம்மாவே பிறகு சொன்னது.

என் தம்பி ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி அவனை அப்ரண்டிஸாக எடுத்தது. விடியக்காலை நாலரைக்கு கம்பெனி பஸ். இங்கிலீஷில் நாலு பக்கம் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டான். ஃபிட்டர் வேலை கற்றுக்கொண்டது கொஞ்ச நாள்தான். மீதி நாளெல்லாம் கம்பிக் கட்டு தூக்கி அடுக்கினான். காலம் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே நின்றான்.

இப்போது இந்தக் கூட்டுக்கெல்லாம் பெரிய பெரிய பேர்கள். 2007இல் மத்திய அரசு 1,396 அரசு ஐ.டி.ஐ.களை அரசு-தனியார் கூட்டில் மேம்படுத்த ஒரு திட்டம் போட்டது. ஒவ்வொன்றுக்கும் இரண்டரைக் கோடி வரை வட்டியில்லாக் கடன். கம்பெனிக்காரர் தலைமையில் நிர்வாகக் குழு. 20 விழுக்காடு வரை மாணவர் சேர்க்கையைத் தீர்மானிக்கும் அதிகாரமும் அந்தக் குழுவுக்கு. 2022இல் தமிழக அரசு டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைச் சுமார் 2,877 கோடியில் மாற்றியமைக்க ஒப்பந்தம் போட்டது. நான் மெஷினுக்கு எதிரி இல்லை. கம்ப்யூட்டர் லேத்தையும் ரோபோவையும் நம்ம பையன் தொட்டுப் பார்ப்பது நல்லதுதான், ரொம்ப நாள் முன்னாடியே நடந்திருக்க வேண்டியது. என் கேள்வி அந்த மேசையைப் பற்றியது. ஒரு பக்கம் சர்க்கார், ஒரு பக்கம் கம்பெனி. திருவள்ளூர் மாவட்டத்தில் ஐந்து பேரில் ஒருவருக்கு மேல் நம்ம ஜனம். அவர்களுக்கு எந்தப் பக்கத்தில் நாற்காலி?

தம்பி திரும்பி வந்த பிறகு நாலைந்து பேராகச் சேர்ந்து அதே லேபர் ஸ்கூல் திண்ணையில் ராத்திரி வகுப்பு வைத்தோம். பாடம், 1961ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டம். 18ஆம் பிரிவு, அப்ரண்டிஸ் என்பவன் பயிற்சி பெறுகிறவன், தொழிலாளி அல்ல என்கிறது. “கம்பி தூக்கறப்போ மட்டும் தொழிலாளியா?” என்றான் ஒருத்தன். 22ஆம் பிரிவில், முடித்தவனுக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் முதலிலிருந்தே கிடையாது. 2014 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி முடித்தவர்களை எடுப்பதற்கு ஒவ்வொரு முதலாளியும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். “அப்போ அந்த கம்பெனியோட பாலிசி இன்னா? யாராச்சும் பாத்தீங்களா?” யாரும் பார்த்ததில்லை.

3ஏ பிரிவுக்கு வந்தபோது வகுப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டது. பயிற்சி இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு என்று சொல்கிற பிரிவு. தனியார் கம்பெனியில் நமக்கு ஒதுக்கீடே கிடையாது என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தோம், நான் உட்பட. மேடையில் அப்படியே பேசியும் இருக்கிறேன். வேலைக்கு இல்லைதான். பயிற்சிக்கு 1973லிருந்தே சட்டத்தில் இருக்கிறது.

அன்றைக்கே தகவல் உரிமை மனு எழுதினோம். கும்மிடிப்பூண்டி, காக்களூர் தொழிற்பேட்டைகளில் கடந்த ஐந்து வருஷத்தில் 3ஏ பிரிவின்படி எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள், தொழில்வாரியாகக் கணக்கு வேண்டும் என்று. யார் பேரில் போடுவது என்று பேச்சு வந்தபோது, பிள்ளைகள் பேரில் போட்டால் நாளைக்கு எந்தக் கம்பெனியும் எடுக்காது என்று பயந்தார்கள். நியாயமான பயம்தான். “என் பேர்ல போடுங்க, என்ன எவன் வேலைக்கு எடுக்கப் போறான்” என்றது அம்மா. ஆனால் உடனே கையெழுத்துப் போடவில்லை. கண்ணாடியை எடுத்து வரச் சொல்லி, விளக்குக்குக் கீழே உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி ரெண்டு பக்கத்தையும் படித்தது. ‘தொழில்வாரி’ன்னா இன்னா என்று கேட்டது. சொன்னோம். பிறகு போட்டது. பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி, திருவள்ளூர் போஸ்டாபீசில் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தோம். முப்பதாவது நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறது அம்மா.