புலம்பலும் முறையீடும்: ஒரு சொல்வரலாறு

டெங்கிலில் என் வீட்டுக்கு அருகே தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக் குடியிருப்பு உள்ளது. புத்ராஜெயா எழுவதற்காக இறப்பர்த் தோட்டங்கள் கைம்மாறியபோது, பிராங் புசார் முதலிய தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே வந்து சேர்ந்தன. நிலத்தோடு கூடிய வீடு வேண்டுமென அவர்கள் பல்லாண்டுகள் கோரி வந்ததை நாடறியும். அக்குடும்பத்து மூதாட்டி ஒருவரிடம் பழைய தோட்ட வாழ்வைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். துரையின் காலத்தில் குறையிருந்தால் யாரிடம் சொல்வீர்கள் என்றேன். "யாருகிட்ட சொல்றது ஐயா? எங்களுக்குள்ளயே பொலம்பிக்குவோம்" என்றார். அவர் எண்ணிச் சொன்னாரோ இல்லையோ, அவ்விடத்தில் வரவேண்டிய சொல் அதுதான். இவ்வுரை அந்தச் சொல்லிலிருந்து தொடங்குகிறது.

புலம்பு என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் தரும் பொருள் தனிமை. அழுகை, அரற்றல் என்னும் பொருள்கள் அதிலிருந்து வளர்ந்தவை. ஆகவே புலம்பல் என்பது கேட்பார் இல்லாதவரின் பேச்சு. பத்துப்பேர் கூடிப் புலம்பினாலும், தீர்க்க வல்லவன் அக்கூட்டத்தில் இல்லையெனில் அது தனிமைப் பேச்சே.

முணுமுணுப்பு இதனின் வேறு. அது ஒலிக்குறிப்பிற் பிறந்த சொல். முணுமுணுப்பவருக்கு எதிரே கேட்கத்தக்க ஒருவர் உண்டு. ஆனால் அவர் செவியில் தெளிவாக விழுந்துவிடக் கூடாது என்ற அச்சமும் உண்டு. குறை என்பது இல்லாமை, நிரம்பாமை. 'குறை தீர்த்தான்' என்னும்போது அது தேவை. 'குறை சொல்கிறான்' என்னும்போது அது பழிப்பு. ஒரே சொல் சொல்பவன் பக்கம் நின்றால் தேவையாகவும், கேட்பவன் பக்கம் நின்றால் பழிப்பாகவும் மாறுவதை மாணவர்கள் கருதிப் பார்க்க வேண்டும்.

முறையீடு இவற்றுக்கெல்லாம் மேலானது. முறை என்றால் ஒழுங்கு, நீதி. முறையிடுபவன் தன் துன்பத்தை மட்டும் சொல்வதில்லை. உலகில் ஒரு நீதி உண்டு, அது எனக்குப் பிறழ்ந்துவிட்டது, அதை நிறுத்த வேண்டியவன் நீ என்று மூன்றையும் சேர்த்துச் சொல்கிறான். புலம்பலுக்குக் கண்ணீர் போதும். முறையீட்டுக்கு உரிமையுணர்வு வேண்டும்.

இவ்வேறுபாட்டைச் சிலப்பதிகாரம் தன் அமைப்பிலேயே காட்டுகிறது. மதுரைக் காண்டத்தில் துன்பமாலை, ஊர்சூழ்வரி, வழக்குரை காதை, வஞ்சினமாலை என்பன அடுத்தடுத்து நிற்கின்றன. கணவன் கொலையுண்ட செய்தி கேட்டுக் கண்ணகி முதலில் அரற்றுகிறாள். பின் ஊரார் நடுவே நின்று கதறுகிறாள். அடுத்து அரசவையில் சான்றுடன் வழக்குரைக்கிறாள். அதன் பின்னரே வஞ்சினம். அழுகை வழக்காகும் இடம் அரண்மனை வாயில். அவள் அவ்வாயிலைக் கடக்க முடிந்ததனால்தான் அவள் சொல் முறையீடாயிற்று. சோழன் வாயில் மணியை அசைத்த பசுவின் கதையையும் அவள் அங்கே நினைவூட்டுகிறாள். பசுவுக்குச் சொல் இல்லை. ஆயினும் அதற்கு ஒரு மணி இருந்தது.

இனிப் புகார். கண்ணகி பிறந்த புகார் ஆற்றுமுகத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். நாம் காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரோ, கூவியழைத்தல் என்னும் பொருளுடைய உருதுச் சொல்லின் வழி வந்தது. இரண்டுக்கும் உறவில்லை. பிராதும் அவ்வாறே பாரசீகச் சொல் ஒன்று உருதின் வழியே வந்தது. ஆட்சிமொழியும் அலுவலகமும் மாறும்போது முறையீட்டுச் சொற்களும் மாறுகின்றன என்பதற்கு இவை சான்று. பொதுமக்கள் கையொப்பமிட்டு அளிப்பதற்கு மலேசியத் தமிழ் ஏடுகள் ஆளும் மகஜர் அரபு மூலமுடையது.

பிறமொழிகளிலும் இப்படிநிலை உண்டு. ஆங்கிலக் கம்ப்ளைண்ட் மார்பில் அறைந்துகொள்ளுதலைக் குறித்த இலத்தீன் வினையிலிருந்து வந்தது. அதுவும் ஒரு காலத்தில் ஒப்பாரியே. கிரீவன்ஸ் பாரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்து, பின்னர்த் தொழிற்சட்டத்தில் தீர்வுக்குரிய குறையென்னும் பொருளைப் பெற்றது. கிரம்பிள் இன்றும் வாயளவில் நிற்கும் முணுமுணுப்பே. மலாயில் அடுவான் அலுவலகத்தில் பதிவாகும், ருங்குத்தான் பதிவாகாது.

இச்சொற்களைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் நிறுத்திப் பார்ப்போம். விடியுமுன் பெயர் கூப்பிடும் அவ்விடத்தில் தொழிலாளிக்கு எதிரே கங்காணி, அவருக்கு மேல் கிராணி, அவருக்கு மேல் துரை. எவர்மீது குறையோ அவரைத் தாண்டித்தான் குறையைச் சொல்ல வேண்டும். 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின் பின் மலாயாவில் இந்திய அரசின் முகவர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் தோட்டங்களுக்குச் சென்று குறை கேட்டார். அது ஒரு மணிதான். ஆனால் அவர் திரும்பிச் சென்ற பின்னும் தொழிலாளி அதே லயத்தில், அதே கிராணியின் கீழ் இருந்தாக வேண்டும்.

இந்நிலையில்தான் 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் ஆர். எச். நாதனும் அவற்றின் முன்னணியில் நின்றனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்கள்மீதான அத்துமீறலுக்கு முடிவு, துரையும் அலுவலரும் எதிரே வந்தாலும் மிதிவண்டியில் செல்லும் உரிமை ஆகியன கோரிக்கைகளுள் அடங்கும். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கூலியையும் மிதிவண்டியையும் எடுத்துச் சொல்கின்றன. மொழியியலாளனாகிய எனக்கு வேறு இரண்டே முதன்மையாகத் தோன்றுகின்றன. குறைகளை எடுத்துரைப்போர் பழிவாங்கப்படக் கூடாது என்பது ஒன்று. குறைகளை முன்வைக்கச் சங்கம் அமைக்க இசைவு வேண்டும் என்பது மற்றொன்று.

இவை முறையீடுகளுள் முறையிடும் உரிமைக்கான முறையீடுகள். முணுமுணுப்பைத் தோற்றுவிப்பது அச்சம். முதற்கோரிக்கை அவ்வச்சத்தை நீக்கக் கேட்டது. புலம்பலைத் தோற்றுவிப்பது தனிமை. இரண்டாவது கோரிக்கை அத்தனிமையை நீக்கக் கேட்டது. அக்கோரிக்கைகளை எழுதியவர்கள் சொல்லாராய்ச்சி செய்தவர்களல்லர். ஆயினும் நம் அகராதிகள் பிரித்துக் காட்டும் எல்லைகளை அவர்கள் வாழ்வில் கண்டிருந்தனர்.

அதற்குக் கிடைத்த விடை நாம் அறிந்ததே. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின் நாடுகடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் சிலாங்கூரில் பரவியது; படை வரவழைக்கப்பட்டது; உயிரிழப்பும் நேர்ந்தது. ஆட்சியாளர் அதனைக் கிளர்ச்சியெனக் கண்டனர். முறையீட்டைக் கேட்க மறுப்பவருக்கு அது வஞ்சினமாகவே ஒலிக்கும். போருக்குப் பின் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, குறைகளை மேசையில் வைத்துப் பேசும் வழி நாடளாவிய நிலையில் அமைந்தது.

இதிலிருந்து நாம் பெறுவது யாது? ஒரு சமூகத்தின் பேச்சில் புலம்பல் மிகுந்திருந்தால் அச்சமூகம் அழுகுணித் தன்மையுடையது என்று முடிவு கட்டுதல் எளிது, தவறும் ஆகும். கேட்கும் செவி எங்கே என்று தேடுவதே ஆராய்ச்சி.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் புகார்க் கடிதம் எழுதுவிக்கும்போது, அனுப்புநர், பெறுநர், திகதி என்னும் அமைப்போடு நின்றுவிடாதீர்கள். எது நிகழ்ந்தது, எந்த முறை பிறழ்ந்தது, யார் தீர்க்க வல்லவர், என்ன தீர்வு வேண்டும் என்னும் நான்கு வினாக்களையும் கேளுங்கள். நான்கிற்கும் விடையெழுதத் தெரிந்த மாணவன் தன் மனத்துயரை வழக்காக்கும் ஆற்றலைப் பெறுகிறான். மாணவர்களே, உங்கள் பாட்டிமார் புலம்பும்போது அதைக் கேளுங்கள். பதிவு செய்யுங்கள். எவரும் கேளாததனால் முறையீடாக முடியாமற்போன சொற்கள் பல அதில் உள்ளன.

அந்த மூதாட்டியிடம் விடைபெறும்போது, இவற்றையெல்லாம் எழுதப்போகிறேன் என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்ப மொதல்ல இருந்து சொல்றேன், ஒக்காருங்க" என்றார்.